பேனா நின்ற இடத்தில் கண் என்ன செய்தது?

கல்லூரியில் கட்டுரை எழுதக் கற்றுத்தருபவர், அடுக்களைக்குள் போகாமலே சாப்பாட்டுக்கு மார்க் போடுகிறவர். அவர் கைக்கு வருவது எழுதி முடித்த தாள். பேனாவைக் கடித்துக்கொண்டு மாணவர் உட்கார்ந்திருந்த பத்து நிமிடம் அதில் இருக்காது.

அமெரிக்க ஆய்வாளர் ஜேனட் எமிக், நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும்படி பள்ளி மாணவர் எட்டுப் பேரிடம் கேட்டு, அந்த ஆய்வை 1971-இல் வெளியிட்டார். நல்ல யோசனைதான். ஆனால் பேசிக்கொண்டே எழுதினால் எழுத்தே மாறிவிடாதா?

கண்ணைக் கவனித்தால் வாயைக் கிளறவேண்டியதில்லை. எமிக்கின் ஆய்வுக்கும் எழுபது ஆண்டு முன்னரே எட்மண்ட் ஹியூய் என்ற உளவியலாளர் அதைச் செய்துபார்த்தார். வாசிப்பவரின் கண்ணைக் கொக்கேன் விட்டு மரத்துப்போகச் செய்து, நடுவில் துளையுள்ள சிறு பாரிஸ் சாந்துக் கிண்ணத்தை விழிமேல் பொருத்தினார். கண் அசைந்தால் கிண்ணத்தோடு இணைத்த அலுமினிய முள்ளும் அசையும். கரி பூசிய உருளையில் கோடு விழும். படிக்கும்போதே கண் கூசுகிறது!

இன்று அந்த வேலைக்கு ஒரு மூக்குக் கண்ணாடி போதும். அதன் சட்டத்திலுள்ள நுண்விளக்குகள் விழியில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். விழிப்பரப்பில் மின்னும் புள்ளி, கருமணியின் நடு இரண்டையும் குட்டிக் கேமரா படம்பிடிக்க, பார்வை விழும் இடத்தைக் கணினி கணித்துவிடும். 2013-இல் 1,500 டாலருக்கு வந்த கூகுள் கிளாஸ் என்ற கணினிக் கண்ணாடியில் இந்த வசதி கிடையாது; தலை திரும்பிய பக்கம்தான் அதன் கேமராவும் திரும்பும்.

வாசிக்கும் கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. கால் நொடி நின்று, தாவி, மறுபடி நிற்கும். எழுதும் கண் போதாக்குறைக்குப் பின்னாலும் ஓடும். நான் ‘ஆனால்’ என்று எழுதி நின்றால், கண் இரண்டு வரி மேலே போய்விடும், எதை மறுக்கப்போகிறேன் என்று பார்க்க. நீண்ட வாக்கியத்தின் கடைசியில் ‘வந்தார்’ போடுவதா, ‘வந்தார்கள்’ போடுவதா என்று எழுவாயைத் தேடியும் போகும்.

எழுதுபவரின் மனத்தைக் காட்டுவதில் ஸ்மார்ட் கைக்கடிகாரம் மந்தம். பச்சை ஒளியை ரத்தம் உறிஞ்சும் அளவைக் கொண்டு நாடித்துடிப்பை எண்ணும். துடிப்பு ஏறியது பயத்தாலா, நல்ல வரி கிடைத்த குஷியாலா என்பது அதற்குத் தெரியாது.

என்னைக் கேட்டால், கண்ணாடியை முதலில் மாட்டவேண்டியது திருத்துகிற ஆசிரியருக்கு. தன் கட்டுரையின் இரண்டாம் பத்தியில் ஆசிரியரின் கண் எங்கே தடுக்கியது, எந்த வரியை மூன்று முறை படித்தது, எதைப் படிக்காமலே தாண்டியது என்று மாணவர் திரையில் பார்க்கட்டும்.