மூன்றாம் தரப்பும் மூன்றாம் சமூகமும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

இலங்கையின் தேசிய இனப்பிரச்சினையில் பிறநாடுகளின் ஈடுபாடு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வினாக்களையே சுற்றி வருகின்றன. தலையிட்ட நாடு எந்நலனை நாடி வந்தது என்பது ஒன்று; அது கொழும்பின் பக்கம் சாய்ந்ததா, தமிழ் இயக்கங்களின் பக்கம் சாய்ந்ததா என்பது மற்றொன்று. இரண்டும் அவசியமான வினாக்களே. ஆயின் அம்பாறைக் கரையோரத்தில் நின்று நோக்குவோர்க்கு மூன்றாவது வினாவொன்று எழுகின்றது. பேச்சுவார்த்தை மேசையில் அமர உரிமையுடையோர் யாவர் என்பதை அந்நாடுகள் எந்த அளவுகோல் கொண்டு தீர்மானித்தன? 1987இல் இந்தியாவும் 2002இல் நோர்வேயும் இவ்வினாவுக்கு அளித்த விடையையும் அதன் விளைவுகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் மக்களும்

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என வடக்கிருந்து தெற்காகச் செல்லும் இக்கரையில் தமிழூர்களும் முஸ்லிம் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கிழக்கே கடல்; மேற்கே வயல். இரு சாராரின் தாய்மொழியும் தமிழே. தாய்வழிக் குடிமுறையும் இருவர்க்கும் பொதுவானது. இவ்வுறவைப் 'புட்டும் தேங்காய்ப்பூவும்' என வழங்கும் கிழக்கிலங்கை மரபு, இணைவையும் கூறுகின்றது. இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதையும் கூறாமற் கூறுகின்றது.

1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டமும், 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டமையும் இப்பிரதேசத்தின் அரசியற் சமநிலையை மாற்றின. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 41 சதவீதத்தினர். சிங்களவர் 38 சதவீதத்தினர். தமிழர் 20 சதவீதத்தினர். கிழக்கு மாகாணம் முழுவதையும் நோக்கின் தமிழர் 42, முஸ்லிம்கள் 32, சிங்களவர் 25 சதவீதமாவர். வடக்கும் கிழக்கும் இணையுமிடத்து முஸ்லிம்களின் பங்கு ஏறத்தாழ 17 சதவீதமாகக் குறையும். மூன்றிலொரு பங்கினர் ஆறிலொரு பங்கினராவர். இக்கணக்கை மனத்திற் கொள்ளாது கல்முனை மக்களின் அரசியல் அச்சங்களை விளங்கிக்கொள்ளல் இயலாது.

இந்தியாவின் ஈடுபாடு

1985 ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் இந்தியாவின் முயற்சியால் பூட்டானின் தலைநகர் திம்புவில் நடைபெற்ற பேச்சுக்களில் ஒருபுறம் இலங்கை அரசும், மறுபுறம் தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஐந்து ஆயுத இயக்கங்களும் அமர்ந்தன. முஸ்லிம்களுக்கெனத் தனிக்குழு இருக்கவில்லை. 1986 டிசெம்பர் 19இல் வெளிப்பட்ட யோசனைகள், சிங்களப் பெரும்பான்மையுடைய அம்பாறைத் தேர்தற் தொகுதியை விலக்கிக் கிழக்கு மாகாணத்தை மறுசீரமைக்க முனைந்தன. கல்முனைக் கரையின் எதிர்காலத்தைத் தொடும் இவ்வெல்லைக் கோடு புதுடில்லிக்கும் கொழும்புக்குமிடையே வரையப்பட்டது என்பது நோக்கற்பாலது.

1987 ஜூலை 29ஆம் திகதிய இந்திய–இலங்கை ஒப்பந்தம் இலங்கையைப் பல்லினச் சமுதாயமாக ஏற்று, முஸ்லிம்களைப் பெயர் சுட்டியே குறிப்பிட்டது. எனினும் வடக்கையும் கிழக்கையும் 'தமிழ் பேசும் மக்களின்' வரலாற்று வாழிடமாக வருணிக்குமிடத்து, முஸ்லிம்கள் அத்தொடருக்குள் அடங்குவரா, உடன்வாழும் ஏனைய இனங்களுள் அடங்குவரா என்பதை அது தெளிவுறுத்தவில்லை. 'தமிழ் பேசும் மக்கள்' என்ற தொடர் வெறும் சூழ்ச்சியன்று. அதற்கு ஒரு வரலாறுண்டு. 1956 பொதுத்தேர்தலில் கல்முனை, பொத்துவில் தொகுதிகளில் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்றோர் முஸ்லிம்களே. 1957ஆம் ஆண்டுப் பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை கிழக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதேச சபைகள் அமைய இடமளித்தது. அன்று அரசியற் கூட்டாக இருந்த தொடர், 1987இல் சம்மதம் கேளாத சட்டச் சொல்லாயிற்று.

எனினும் அவ்வொப்பந்தத்தில் முஸ்லிம்களுக்கு மெய்யான வலுவளித்த ஏற்பாடொன்றும் இருந்தது. 1988 டிசெம்பர் 31க்கு முன்னர் கிழக்கு மாகாண மக்களிடையே சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, இணைப்பு நீடிப்பதா என்பதைச் சாதாரணப் பெரும்பான்மையால் தீர்மானிக்க வேண்டுமென்பதே அது. எந்த இனமும் பாதிக்கு மேற்படாத மாகாணத்தில் முஸ்லிம்களின் வாக்கே தராசு முள்ளாகியிருக்கும். ஆதலின் அவ்வாக்கை நாடும் தமிழ்த் தலைமை அவர்களோடு பேரம்பேசி உறுதிமொழிகள் அளிக்க நேர்ந்திருக்கும்; இணைப்பை எதிர்த்த கொழும்பும் அவ்வாறே. அந்த வாக்கெடுப்பு நடைபெறவேயில்லை. ஒத்திவைக்கும் அதிகாரத்தை ஒப்பந்தமே சனாதிபதிக்கு அளித்திருந்தது. ஆண்டுதோறும் அது பயன்படுத்தப்பட்டது. முடிவில் 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லுபடியற்றதாக்கியது. 2007 ஜனவரி 1 முதல் மாகாணங்கள் பிரிந்தன. இணைத்தபோதும் கிழக்கு மக்களைக் கேட்கவில்லை, பிரித்தபோதும் கேட்கவில்லை.

இடையில், 1988 நவம்பரில் நடைபெற்ற வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில், எம். எச். எம். அஷ்ரப் தலைமையிலான ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 71 ஆசனங்களுள் 17ஐப் பெற்றது. வாக்கின்வழி ஒரு சமூகம் தன்னைத் தனித் தரப்பாக அறிவித்த நிகழ்ச்சி இது. ஆனால் 1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியதும் அச்சபையும் வீழ்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோரை விடுதலைப் புலிகள் கொன்றனர். அதே மாதத்தில் வீரமுனையில் தஞ்சமடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். எல்லாச் சமூகங்களின் பாதுகாப்புக்கும் இரு அரசுகளும் ஒத்துழைக்குமெனக் கூறிய வாசகம் ஏட்டிலேயே நின்றது.

நோர்வேயின் அனுசரணை

2002 பெப்ரவரி 22இன் போர்நிறுத்த உடன்படிக்கை, முஸ்லிம்களை முகவுரையிற் குறிப்பிடுகின்றது. எவ்வாறெனின், மோதலில் நேரடித் தரப்பாகாது அதன் விளைவுகளை அனுபவிப்போராக. பரிவுடைய வாசகமே, எனினும் அதன் தர்க்கத்தை ஊன்றி நோக்க வேண்டும். ஆயுதம் ஏந்தியோர் தரப்பாவர்; ஏந்தாதோர் பாதிக்கப்பட்டோராவர். ஒருவரிடம் கையொப்பம் பெறப்படும். மற்றவர்க்கு அனுதாபம் வழங்கப்படும். 2002 ஏப்பிரல் 13இல் ரவூப் ஹக்கீமும் வே. பிரபாகரனும் கிளிநொச்சியிற் சந்தித்து, வெளியேற்றப்பட்டோரின் மீள்வருகை, கிழக்கில் முஸ்லிம் விவசாயிகள் தம் காணிகளிற் பயிரிடல் முதலியன குறித்து உடன்பட்டனர். ஆனால் செப்டெம்பரில் தாய்லாந்தில் தொடங்கிய பேச்சுக்களில் ஹக்கீம் அரச தூதுக்குழுவின் உறுப்பினராகவே அமர்ந்தார். 2003 ஜனவரியில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வெளியிடப்பட்ட ஒலுவில் பிரகடனம் இந்நிலைக்கு மாணவர் தலைமுறை அளித்த பதிலாகும்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை, இலங்கையிலேயே மிகுந்த உயிரிழப்பை அம்பாறை மாவட்டத்தில் ஏற்படுத்தியது. இறந்தோர் 10,000க்கும் மேற்பட்டோர். மருதமுனை முதல் நிந்தவூர் வரை வீதி வீதியாக வீடுகள் அழிந்தன. 2005 ஜூன் 24இல் ஒப்பமிடப்பட்ட மீள்கட்டுமானப் பொதுக் கட்டமைப்பு, பிராந்தியக் குழுவில் புலிகளுக்கு ஐந்தும், முஸ்லிம்களுக்கு மூன்றும், அரசுக்கு இரண்டுமாக இடங்களைப் பகிர்ந்தது. முன்னைய ஏற்பாடுகளினும் இது முன்னேற்றமே. ஆயினும் கையொப்பமிட்டோர் அரசும் புலிகளும் மாத்திரமே. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் அதுவும் செயலிழந்தது.

பிற தீவுகளின் அனுபவம்

பிரித்தானியா, கிரேக்கம், துருக்கி ஆகிய மூன்று நாடுகளின் உத்தரவாதத்துடன் 1960இல் சுதந்திரமடைந்த சைப்பிரசின் அரசியலமைப்பு, நாட்டில் இரண்டு சமூகங்களையே கண்டது. மரோனியர், ஆர்மீனியர், இலத்தீன் கிறித்தவர் ஆகியோர் கிரேக்கச் சமூகத்திலோ துருக்கியச் சமூகத்திலோ தம்மைச் சேர்த்துக்கொள்ள வேண்டியவராயினர். ஈரினக் கணக்கு, கணக்கில் அடங்காதோரை ஏதேனுமொரு பெட்டியுள் இடும் என்பதற்கு இது சான்று.

வட அயர்லாந்து வேறு வழி கண்டது. 1996 மே மாதத் தேர்தலில் முதற் பத்து இடங்களைப் பெற்ற கட்சிகளுக்குப் பேச்சுமேசையில் இடமளிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு சதவீத வாக்கே பெற்ற பெண்கள் கூட்டணியும், அமெரிக்கரான ஜோர்ஜ் மிச்செல் தலைமை தாங்கிய அப்பேச்சுக்களில் அமர்ந்தது. 1998 ஏப்பிரலில் எய்திய உடன்பாடு மறு மாதமே மக்கள் முன் வைக்கப்பட்டது. இங்கு அளவுகோல் ஆயுதமன்று, வாக்கு.

முடிவுரை

முஸ்லிம் தலைமை குறையற்றதென இதனாற் கொள்ளலாகாது. அமைச்சுப் பதவிகளை நாடிய அதன் போக்கும் பிளவுகளும், கரையோர மீனவரதும் மருதமுனை நெசவாளரதும் கூலி விவசாயிகளதும் நலன்களைப் பின்தள்ளின. மேலும், மாகாண மட்டத்திற் சிறுபான்மையினராக அஞ்சும் முஸ்லிம்களிடம் அதே அச்சத்தைக் கல்முனைத் தமிழர் முன்வைக்கின்றனர். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் நடந்த உண்ணாவிரதமும், அதனை எதிர்த்து முஸ்லிம்கள் நடத்திய போராட்டமும் இதனைப் புலப்படுத்தின. பெரும் ஒப்பந்தங்கள் தீர்க்காது விட்ட எல்லைப் பிரச்சினை ஒரு நகரத்தின் வீதிகளில் வந்து நின்றது.

வெளிநாடொன்று இலங்கையர்க்குத் தீர்வை ஆக்கித் தர இயலாது. நீதியான நடைமுறைக்கு அதனால் உத்தரவாதம் அளிக்க இயலும். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் யாவர்க்கும் மேசையில் இடம், அவ்வப் பிரதேசத்து மக்களின் சம்மதம், அச்சம்மதத்தை ஒத்திவைக்க எவர்க்கும் அதிகாரமின்மை ஆகிய மூன்றுமே அந்நடைமுறையின் அடிப்படைகள். 1987இல் எழுதப்பட்டு நடத்தப்படாது போன வாக்கெடுப்பு இவற்றுள் இரண்டாவதைத் தொட்டிருந்தது. 'தமிழ் பேசும் மக்கள்' என்ற தொடர் மீண்டும் உயிர்பெற வேண்டுமாயின், கல்முனைக்குடியும் பாண்டிருப்பும் தத்தம் சம்மதத்துடன் அதனுள் வரவேண்டும். அவ்விரு ஊர்களுக்குமிடையிலான பேச்சைத் தொடங்குதற்கு எந்த வெளிநாட்டின் அனுசரணையும் வேண்டியதில்லை.