பதினேழு வயதில் ஒரு பந்தெறி வீரர்

மாணவ நண்பர்களே, கண்களை ஒரு முறை இமைத்துப் பாருங்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விநாடி ஆகியிருக்கும். அதைவிடச் சற்றே கூடுதலான நேரத்திற்குள் ஒரு பந்து பதினேழு மீட்டர் தொலைவைக் கடந்து உங்கள் முகத்தருகே வந்து நின்றால் எப்படி இருக்கும்? 1936ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆடிய பெரிய வீரர்கள் சிலருக்கு இந்த அனுபவம் கிடைத்தது. பந்தை எறிந்தவர் உங்களைப் போல ஒரு பள்ளி மாணவர். பெயர் பாப் ஃபெல்லர்.

ஃபெல்லர் 1918 நவம்பர் 3ஆம் நாள் அயோவா மாநிலத்தில் வேன் மீட்டர் என்ற சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பண்ணை வேலை முடிந்ததும் தந்தையும் மகனும் பந்தெறிந்து பழகுவார்கள். பனிக்காலத்தில் வெளியே நிற்க முடியாது; களஞ்சியத்துக்குள் விளக்கேற்றி வைத்துக்கொண்டு எறிவார்கள். மகனுடைய கையில் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்ட தந்தை, சொந்த நிலத்திலேயே ஓர் ஆடுகளம் அமைத்துக் கொடுத்தார்.

பேஸ்பால் ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு சொல். பந்தெறிபவர் ஒரு மேட்டின்மேல் நிற்பார். அங்கிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில் ‘ஹோம் பிளேட்’ என்னும் 17 அங்குல அகலமுள்ள தட்டு தரையில் பதிந்திருக்கும். அந்தத் தட்டுக்கு மேலே, அடிப்பவரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளிக்குள் பந்து செல்லவேண்டும். கிரிக்கெட்டைப் போல இங்கே பந்து தரையில் குத்தி எழுவதில்லை, நேரே வந்துவிடும். மூன்று முறை தவறவிட்டால் அடிப்பவர் ஆட்டமிழப்பார். அதற்கு ‘ஸ்டிரைக் அவுட்’ என்று பெயர். ஆனால் எறிபவர் நான்கு முறை குறி தவறினால், அடிப்பவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் தளத்துக்கு நடந்தே போகலாம்.

கிளீவ்லண்ட் அணியின் சார்பில் வந்த சை ஸ்லாப்னிக்கா என்பவர் ஃபெல்லரை ஒப்பந்தம் செய்துகொண்டார். அதற்கு ஈடாக அவர் கொடுத்தது ஒரு டாலரும், ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்ட ஒரு பந்தும்! 1936 ஜூலை 6ஆம் நாள் செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியுடன் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் மூன்று சுற்றுகள் மட்டும் எறிந்த ஃபெல்லர், எட்டுப் பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். ஆகஸ்ட் 23ஆம் நாள் முதன்முறையாக ஒரு முறையான ஆட்டத்தைத் தொடங்கி 15 பேரையும், செப்டம்பர் 13ஆம் நாள் 17 பேரையும் அதே வகையில் வெளியேற்றினார். அப்போது அவருக்கு வயதும் பதினேழுதான். பருவம் முடிந்ததும் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? புத்தகப் பையை எடுத்துக்கொண்டு மீண்டும் பள்ளிக்குப் போனார். 1937இல் படிப்பை முடித்தார்.

இதற்கிடையே ஒரு சிக்கலும் எழுந்தது. அக்கால விதிகளின்படி அவரை ஒப்பந்தம் செய்த முறை சரிதானா என்று டெமாய்ன் நகர அணி வழக்கெழுப்பியது. பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் 1936 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னார்: ஃபெல்லர் கிளீவ்லண்டிலேயே இருக்கலாம், டெமாய்ன் அணிக்கு 7,500 டாலர் கொடுக்கவேண்டும். ஒரு டாலர் கொடுத்து வாங்கியவருக்கு இது சற்றுக் கூடுதல் விலைதான்!

இனி நம் இயற்பியலுக்கு வருவோம். கணக்குக்காகப் பந்தின் திசைவேகம் விநாடிக்கு 44 மீட்டர் என்று கொள்வோம். அதாவது மணிக்கு ஏறத்தாழ 158 கிலோமீட்டர். எறிபவர் ஓர் எட்டு முன்னே வைத்துக் கையை நீட்டி விடுவதால், பந்து உண்மையில் பறக்கும் தொலைவு 16.8 மீட்டர் அளவுதான். 16.8ஐ 44ஆல் வகுத்துப் பாருங்கள், 0.38 விநாடி வரும். கண்ணால் கண்ட ஒன்றுக்குக் கை அசையத் தொடங்கவே 0.2 விநாடி ஆகிறது. மட்டையைச் சுழற்ற இன்னும் 0.15 விநாடி வேண்டும். மிச்சம் இருப்பது 0.03 விநாடி! அடிப்பவர் பந்தைப் ‘பார்த்து’ அடிக்கிறார் என்பது பாதி உண்மைதான். முதல் சில மீட்டர்களில் பந்து போகும் போக்கைக் கண்டு, மீதியை ஊகித்தே மட்டையை வீசுகிறார்.

அந்த ஊகத்தையும் காற்று கெடுத்துவிடுகிறது. 0.38 விநாடியில் புவியீர்ப்பினால் பந்து எவ்வளவு இறங்கவேண்டும்? ½gt² என்ற சமன்பாட்டில் இட்டால் சுமார் 70 சென்டிமீட்டர். ஆனால் வேகப்பந்தை எறிபவர் விரல்களால் அதற்குப் பின்சுழற்சி கொடுத்து விடுகிறார். பந்தின் மேற்புறம் எறிந்தவரை நோக்கித் திரும்பியபடி வரும். இச்சுழற்சி, பந்தின் பின்னே ஒதுங்கும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று பந்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. இதுவே மாக்னஸ் விளைவு. ஆகவே பந்து எதிர்பார்த்த அளவு இறங்குவதில்லை. ‘பந்து மேலே எழும்பியது’ என்று அடிப்பவர்கள் சத்தியம் செய்வார்கள். எழும்பவில்லை, குறைவாக விழுந்தது, அவ்வளவே. ஃபெல்லரிடம் வளைந்து விழும் பந்தும் இருந்தது. அதற்குச் சுழற்சி நேர்மாறு. புவியீர்ப்போடு காற்றும் சேர்ந்து கீழே தள்ளும்.

வேகம் இருந்தது சரி, குறி? இங்கேதான் இளம் ஃபெல்லரின் பெருந்தொல்லை. 1938ஆம் ஆண்டில் மட்டும் அவர் 208 பேரை முதல் தளத்துக்கு இலவசமாக நடக்கவிட்டார். 1900க்குப் பின் ஒரு பருவத்தில் வேறு எவரும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை! இது வெறும் புள்ளிக் கணக்குத் தொல்லை அன்று. 1920இல் இதே கிளீவ்லண்ட் அணியின் ரே சாப்மன் என்ற வீரர், எதிரணியினர் எறிந்த பந்து தலையில் பட்டு மறுநாள் இறந்துபோனார். ஃபெல்லர் ஆடத் தொடங்கியபோதும் தலைக்கவசம் கட்டாயமாகவில்லை. 145 கிராம் பந்து 44 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் 140 ஜூல். ஒரு கிலோ எடைக்கல்லை நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது ஏறக்குறைய இந்த ஆற்றல் இருக்கும். எங்கே போகும் என்று எறிபவருக்கே தெரியாத பந்தின் எதிரே நிற்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

வேகமாக எறிபவருக்குக் குறி தவறுவது ஏன்? ஒரு எளிய கணக்கு. கை ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுழல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 44 மீட்டர் வேகம் என்றால் கோண வேகம் விநாடிக்கு 44 ரேடியன். குறிவெளியின் உயரம் சுமார் 0.6 மீட்டர். 16.8 மீட்டருக்கு அப்பால் அது 0.036 ரேடியன் கோணத்தை அடைக்கும். ஆகவே விரல்கள் பந்தை விடவேண்டிய கால இடைவெளி 0.036 ÷ 44, அதாவது 0.0008 விநாடி. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! சற்று முந்தினால் பந்து தலைக்கு மேல். சற்றுப் பிந்தினால் தரையில். பாதி வேகத்தில் எறிபவருக்கோ இதைப்போல இருமடங்கு நேரம் கிடைக்கும். உண்மையான கை தோள், முழங்கை, மணிக்கட்டு என்று பல மூட்டுகளில் திரும்புவதால் இக்கணக்கு தோராயமானதே. எனினும் வேகமும் குறியும் ஏன் எளிதில் ஒத்துப்போவதில்லை என்பதைக் காட்டிவிடுகிறது.

1938 அக்டோபர் 2ஆம் நாள் ஆட்டம் அவருடைய அந்நாளைய நிலைக்கு நல்ல சான்று. டெட்ராய்ட் அணியின் ஹாங்க் கிரீன்பெர்க் அவ்வாண்டில் 58 ஹோம் ரன்கள் அடித்து, பேப் ரூத்தின் 60ஐ நெருங்கியிருந்தார். ஃபெல்லர் அவரை ஒன்றுகூட அடிக்கவிடவில்லை. 18 பேரை ஸ்டிரைக் அவுட் செய்து புதிய சாதனையும் படைத்தார். ஆனால் ஆட்டத்தில் 4-1 என்று தோற்றது ஃபெல்லரின் அணி!

அடுத்த ஆண்டே நிலைமை மாறிற்று. 1939இல் நடக்கவிட்டவர்கள் 142; 1940இல் 118. வெற்றிகள் 24, 27 என்று ஏறின. 1940 ஏப்ரல் 16ஆம் நாள், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியினர் ஒருவர்கூட நல்ல அடி அடிக்க முடியாதபடி எறிந்து 1-0 என்று வென்றார். இயந்திரம் பழகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 1941இல் மறுபடி 194 பேரை நடக்கவிட்டார்.

அவருடைய வேகம்தான் எவ்வளவு? நிறுத்துக் கடிகாரம் இதற்கு உதவாது. எங்கள் ஆய்வகத்தில் தனிஊசல் சோதனை செய்யும் மாணவர்கள் பித்தானை அழுத்துவதிலேயே 0.2 விநாடி பிழை செய்கிறார்கள். பந்தின் பயணமே 0.38தான்! ஆகவே 1940இல் சிகாகோவில் வேடிக்கையான ஒரு வழியைக் கையாண்டார்கள். மணிக்கு 86 மைல் வேகத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஃபெல்லரைக் கடக்கும் வேளையில் அவர் பந்தை எறியவேண்டும். சைக்கிள் சற்று முந்திக் கடந்துவிட்ட போதிலும், பந்துதான் தன் காகித இலக்கை முதலில் கிழித்தது. படத்தைப் பார்த்து வேகத்தைக் கணிக்கலாம். ஆனால் சைக்கிள் எத்தனை அடி முந்தியது என்பதில் ஓர் அடி பிசகினாலும் விடை இரண்டு மைல் போல மாறிவிடும்.

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும் ஃபெல்லர் கடற்படையில் சேர்ந்து, அலபாமா என்ற போர்க்கப்பலில் விமான எதிர்ப்புப் பீரங்கியில் பணியாற்றினார். திரும்பி வந்தபின் 1946 ஆகஸ்டில், வாஷிங்டன் நகரின் கிரிஃபித் ஆடுகளத்தில், ராணுவத்தின் ஒளிமின் கருவி ஒன்றினுள்ளே பந்தை எறிந்தார். முதல் ஒளித்திரையைப் பந்து கடக்கையில் கணக்கு தொடங்கும். இரண்டாவதைக் கடக்கையில் நிற்கும். கிடைத்த விடை மணிக்கு 98.6 மைல். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அக்கருவி இருந்தது ஹோம் பிளேட் அருகே. காற்றுத் தடையினால் பந்து வழியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வேகத்தை இழந்திருக்கும். இக்காலத்தில் கையைவிட்ட உடனேயே அளக்கிறார்கள். அம்முறையில் அன்றைய பந்து 107 மைல் அளவு காட்டியிருக்கும்.