பாத்திரமேற்பு விளையாட்டுக் குழுக்களின் குழூஉக்குறிகள்

முன்னுரை

ஒரு குழுவினர் பொதுவழக்கிலுள்ள பெயரை நீக்கித் தமக்குள் வேறு பெயரிட்டு வழங்குவதைக் குழூஉக்குறி என்பர் இலக்கண நூலார். நன்னூல் இதனைத் தகுதிவழக்கு மூன்றனுள் ஒன்றாக வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என வழங்குவது உரையாசிரியர் காட்டும் சான்று. இத்தகைய சொற்களின் பயன் பிறரிடமிருந்து பொருளை மறைத்தல் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவில் தோன்றிய மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுக் குழுக்களின் ஆங்கில வழக்குகளோ, மறைத்தலினும் குழுவின் எழுதப்பெறாத ஒழுக்கத்தைக் காத்தலையே முதன்மைப் பணியாகக் கொண்டுள்ளன. அதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டின் அமைப்பு

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. இதில் நெறியாளர் ஒருவர் கதைச்சூழலை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அதன் செயலை வாய்மொழியாக உரைப்பர். விளைவு ஐயத்திற்குரியதாகுமிடத்துப் பகடை உருட்டப்படும். சதுரங்கம்போல் ஒருவர் வெல்ல, மற்றவர் தோற்பதுடன் ஆட்டம் முடிவதில்லை. பங்கேற்போரின் இசைவே அதனை நிலைநிறுத்துகிறது. இவ்விளையாட்டை ஆராய்ந்த சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன், தமது 1983ஆம் ஆண்டு நூலில், பங்கேற்பவர் மனிதர், ஆட்டக்காரர், பாத்திரம் என்னும் மூன்று நிலைகளில் ஒருங்கே இயங்குவதைக் காட்டினார்.

சொற்களின் வகை

இக்குழுக்களின் வழக்குகளை இருவகைப்படுத்தலாம். முதல்வகை நிகழ்வைச் சுருக்கிக் கூறுவது. இருபது முகப் பகடையில் கூட்டல் கழித்தலின்றி 20 விழுவது ‘நாட் ட்வென்ட்டி’. இதன் நிகழ்தகவு 5 விழுக்காடு. பாத்திரங்கள் அனைத்தும் மாள்வது ‘டிபிகே’.

இரண்டாம் வகை நடத்தையை மதிப்பிடுவது. தீயினாலோ அமிலத்தினாலோ சுட்டாலன்றி டிரோல் என்னும் அரக்கனின் காயம் ஆறிவிடும் என்பது நூலைப் படித்த ஆட்டக்காரருக்குத் தெரியும். அதனை முதன்முறை காணும் பாத்திரத்திற்குத் தெரியாது. தெரிந்தவாறு உடனே தீப்பந்தம் எடுப்பது ‘மெட்டாகேமிங்’. தன்னலங்கருதி விதியின் எழுத்தைப் பற்றி வாதிடுபவர் ‘ரூல்ஸ் லாயர்’. கண்டாரையெல்லாம் கொன்று பொருள் கவர்ந்து திரியும் பாத்திரம் ‘மர்டர்ஹோபோ’. ஆட்டக்காரர் எதைத் தெரிந்தாலும், தாம் முன்பே வகுத்த கதைவழியிலேயே அவர்களை நெறியாளர் இழுத்துச் செல்வது ‘ரெயில்ரோடிங்’. தண்டவாளத்தை விட்டு விலகவியலாத வண்டி இதன் உருவகம்.

இவற்றுள் எதுவும் ஆட்டவிதியை மீறுவதன்று. மூன்று நிலைகளுக்கு இடையிலான இசைவையே குலைக்கிறது. குறிப்பாக, ஆட்டத்தின் இறுதித்தீர்ப்பு நெறியாளர் கையில் இருப்பதால், அவரைத் தட்டிக்கேட்க விதிநூலில் இடம் குறைவு. ‘ரெயில்ரோடிங்’ என்னும் ஒரு சொல் அந்த இடத்தை ஆட்டக்காரருக்கு அளிக்கிறது.

முடிவுரை

பொற்கொல்லரின் குறி புறத்தாரை விலக்குகிறது. இக்குழுக்களின் குறி அகத்தாரைத் திருத்துகிறது. எனவே குழூஉக்குறி ஆய்வில், ஒரு சொல் யாரிடமிருந்து பொருளை மறைக்கிறது என்பதோடு, யாரை நெறிப்படுத்துகிறது என்னும் வினாவும் எழுப்பப்பட வேண்டும்.