பழைய இயந்திரங்களுக்குப் பாதுகாப்பு எங்கே? பெங்களூரு எழுப்பும் கேள்வி

பெங்களூரு: பொதுத் துறை நிறுவனம் ஒன்றை மூடுவது அல்லது விற்பது குறித்து நாடாளுமன்றத்தில் விவாதம் எழும்போதெல்லாம் மூன்று கேள்விகள் தவறாமல் இடம்பெறும். ஊழியர்களின் நிலை என்ன? நிலம் யாருக்கு? கடன் எவ்வளவு? நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்போர் அரிது. அங்கிருந்த இயந்திரங்கள் என்னவாயின என்பதே அக்கேள்வி.

இதைக் கேட்பதற்குப் பெங்களூருவைவிடப் பொருத்தமான நகரம் வேறில்லை. மென்பொருள் நிறுவனங்கள் வருவதற்கு முன்பு இது இயந்திரங்களின் நகரமாக இருந்தது. விமானத் தயாரிப்புக்காக எச்.ஏ.எல். 1940-லும், தொலைபேசிக் கருவிகளுக்காக ஐ.டி.ஐ. 1948-லும், இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களுக்காக எச்.எம்.டி. 1953-லும், மின்னணுக் கருவிகளுக்காக பி.இ.எல். 1954-லும் இங்கு உருவாயின. அந்தக் காலத்தின் எச்சங்களைக் காண விரும்பும் பயணி இன்று குறைந்தது மூன்று இடங்களுக்குச் செல்ல வேண்டும்.

கஸ்தூர்பா சாலையில்...

முதலாவது, கஸ்தூர்பா சாலையில் உள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில் மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகம். மைசூர் சமஸ்தானத்தின் திவானாகப் பணியாற்றிய பொறியாளர் மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவின் நினைவைப் போற்றும் இக்கட்டடத்தைப் பிரதமர் நேரு 1962 ஜூலை 14-ம் தேதி திறந்து வைத்தார். மின்சாரம் குறித்த முதல் காட்சிக் கூடத்தை 1965 ஜூலை 27-ல் திறந்தவர், அப்போது தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த இந்திரா காந்தி. 1978-ல் அமைக்கப்பட்ட தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் கவுன்சிலின் கீழ், மத்தியக் கலாசார அமைச்சகத்தின் நிதியுதவியுடன் இது இயங்கி வருகிறது.

என்ஜின்கள் இயங்கும் விதத்தை விளக்குவதற்கென்றே இங்கு தனிக் கூடம் உள்ளது. பள்ளி மாணவர்கள் அதிகம் வரும் இடம் இது. ரைட் சகோதரர்களின் விமானத்தின் முழு அளவு மாதிரியும் உண்டு.

மாருத் சொல்லும் பாடம்

இரண்டாவது, பழைய விமான நிலையச் சாலைப் பகுதியில் 2001-ல் தொடங்கப்பட்ட எச்.ஏ.எல். பாரம்பரிய மையம் மற்றும் விண்வெளி அருங்காட்சியகம். இங்குள்ள விமானங்களைக் காண வருவோர், விமான என்ஜின்கள் வைக்கப்பட்டுள்ள கூடத்தையும் தவறவிடக் கூடாது. நாட்டின் பாதுகாப்புக் கொள்கையைப் பின்தொடர்வோருக்கு அங்கே முக்கியமான பாடம் ஒன்று காத்திருக்கிறது.

ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூருவில் உருவான 'மாருத்' போர் விமானம், 1961 ஜூன் 17-ல் முதன்முதலாகப் பறந்தது. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தன் திறனைக் காட்டியது. ஆனால், வடிவமைப்பாளர்கள் எண்ணிய வேகத்தை அது ஒருபோதும் எட்டவில்லை. விமானத்தின் உடலுக்கேற்ற ஆற்றல் வாய்ந்த என்ஜின் கிடைக்காமல், 'ஆர்ஃபியஸ்' என்ற சிறிய பிரிட்டிஷ் என்ஜின் இரண்டைக் கொண்டே அதை ஓட்ட வேண்டியதாயிற்று.

பின்னர், இதே நகரில் உள்ள ஜி.டி.ஆர்.இ. ஆய்வகம் உருவாக்கிய 'காவேரி' என்ஜின், தேஜஸ் விமானத்துக்கு உரிய காலத்தில் தயாராகவில்லை. அமெரிக்க ஜி.இ. நிறுவனத்தின் என்ஜின்களையே நாடினோம். அரை நூற்றாண்டு கடந்தும் நம் விமானத்துக்கு நம் என்ஜின் இல்லை என்ற உண்மையை, எந்தக் குழு அறிக்கையையும்விட இந்த என்ஜின் கூடம் தெளிவாக உணர்த்துகிறது. பழைய இயந்திரங்களைக் காப்பது பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு இதுவே சான்று. பெங்களூருவில் பிறந்த மாருத் விமானம் ஒன்றை, மியூனிக் அருகே உள்ள ஜெர்மன் அருங்காட்சியகக் கிளையும் பாதுகாத்து வருகிறது.

தாயும் கடிகாரமும்

மூன்றாவது, ஜாலஹள்ளியில் 2019-ல் தொடங்கப்பட்ட எச்.எம்.டி. பாரம்பரிய மையம். சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவன ஒத்துழைப்புடன் லேத் எனப்படும் கடைசல் இயந்திரங்களைத் தயாரிக்கத் தொடங்கிய எச்.எம்.டி., 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து கைக்கடிகாரத் தயாரிப்பில் இறங்கியது. கல்யாணச் சீராகவும், தேர்வில் தேறியதற்குப் பரிசாகவும் எச்.எம்.டி. கடிகாரம் பெற்ற தலைமுறைக்கு அந்த மையம் பல நினைவுகளைக் கிளறும்.

ஆனால் கடிகாரத்தைக் காட்டிலும் முக்கியமானது, அதைச் செய்த இயந்திரம். தொழில்துறை வழக்கில் இவற்றைத் 'தாய் இயந்திரங்கள்' என்பார்கள். மற்றெல்லா இயந்திரங்களும் இவற்றில் பிறப்பவை என்பதால் அந்தப் பெயர். எச்.எம்.டி. வாட்சஸ் உள்ளிட்ட மூன்று துணை நிறுவனங்களை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்தது. தும்கூரு கடிகார ஆலையின் நிலம் இஸ்ரோவுக்குச் சென்றது. பெங்களூருவில் எச்.எம்.டி. வசமுள்ள நிலம் வனத்துக்கு உரியது என்று கர்நாடக அரசு 2024-ல் உரிமை கோரியபோது, அது மத்திய, மாநில அரசுகளிடையே பெரும் அரசியல் மோதலாயிற்று. நிலத்துக்கு வழக்கறிஞர்கள் உண்டு. தாய் இயந்திரங்களுக்கு யாருமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மூடப்படும் ஆலையின் இயந்திரங்கள் பொதுவாகக் காயலான் சரக்காகவே கணக்கிடப்படுகின்றன. அரசு நிறுவனங்களின் இத்தகைய சரக்கை இணையவழி ஏலம் விடுவதற்கென்றே, எஃகு அமைச்சகத்தின் கீழ் எம்.எஸ்.டி.சி. என்ற நிறுவனம் உள்ளது. இரும்பின் எடையே அங்கு விலை.

தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டது. அறிவியலை விளக்கும் பொருள்களும் அதன் வரையறையில் அடங்கும். ஆனால் அவை 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடையவையாக இருக்க வேண்டும். சுதந்திர இந்தியா 1950-களில் வார்த்தெடுத்த முதல் இயந்திரம் எதுவும் இந்த வரையறைக்குள் வராது. அது நூறு வயதை எட்டும்வரை உலைக்களத்துக்குப் போகாமல் இருந்தால்தானே!

மோட்டார் வாகனங்களுக்கு இந்த நிலை இல்லை. 50 ஆண்டுகளைக் கடந்த, உருமாற்றம் செய்யப்படாத கார்களையும் இரு சக்கர வாகனங்களையும் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. பத்தாண்டுகள் செல்லுபடியாகும் பதிவும், தனி எண்ணும் அவற்றுக்கு உண்டு. செல்வந்தரின் காருக்குக் கிடைத்த மதிப்பு, தொழிலாளியின் லேத்துக்குக் கிடைக்கவில்லை.

தங்க வயலும் மினர்வா ஆலையும்

இதன் விலை என்ன என்பதைத் தமிழர்கள் நன்கு அறிவர். பெங்களூருவுக்கு மின்விளக்கு வந்தது 1905-ல். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, சிவசமுத்திரம் காவிரி நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம் சுமார் 147 கி.மீ. தொலைவு கடந்து கோலார் தங்க வயலை அடைந்தது. வட ஆர்க்காடு உள்ளிட்ட பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்தனர். பூமிக்கடியில் மூன்று கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருந்தது அவர்களது பணியிடம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின்னர் நடந்த வாதங்கள் பெரும்பாலும் நிலுவைத் தொகை, குடியிருப்பு, ஏலம் ஆகியவற்றைப் பற்றியவை. தொழிலாளர் கூண்டை இறக்கி ஏற்றிய விசை இயந்திரங்களும் அவர்களது வரலாறுதான் என்பது பேசப்படவில்லை.

சட்டம் பயில்வோர் அனைவரும் அறிந்த பெயர் மினர்வா மில்ஸ். நாடாளுமன்றத்தின் அரசியல் சாசனத் திருத்த அதிகாரம் எல்லையற்றதல்ல என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பெங்களூருவில் இருந்த இந்த ஜவுளி ஆலையின் பெயரால் நிலைத்துவிட்டது. 42-வது திருத்தத்தின் இரு பிரிவுகள் அத்தீர்ப்பால் செல்லாதவையாயின. அதே திருத்தம் கொண்டுவந்த அடிப்படைக் கடமைகள் நிலைத்தன. நாட்டின் பாரம்பரியத்தைப் பேணுவது அக்கடமைகளுள் ஒன்று. தீர்ப்பு ஒவ்வொரு சட்ட நூலிலும் இருக்கிறது. தறிகளின் ஓசையோ என்றோ ஓய்ந்துவிட்டது.

ரயில்வே காட்டும் வழி

செய்ய முடியாத காரியம் அல்ல இது. தில்லி சாணக்கியபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977-ல் தொடங்கியது. மைசூருவில் 1979-லும், சென்னை பெரம்பூரில் 2002-லும் ரயில் அருங்காட்சியகங்கள் வந்தன. 1855-ல் தயாரான 'ஃபேரி குயீன்' நீராவி என்ஜினை மீண்டும் ஓடச் செய்து, 1998-ல் கின்னஸ் சான்று பெற்றது ரயில்வே. தன் பழம்பொருளுக்கு ஓர் அமைச்சகமே பொறுப்பேற்றதால் இது சாத்தியமாயிற்று.

பிரிட்டன் இன்னொரு வழியைக் காட்டியது. அங்கு ரயில்வே தனியார்மயமானபோது, விற்பனையில் வரலாற்றுச் சின்னங்கள் அழிந்துவிடக் கூடும் என்ற அச்சம் எழுந்தது. 1996-ல் ரயில்வே பாரம்பரியச் சட்டம் இயற்றப்பட்டது. காக்கப்பட வேண்டிய பொருள்களை அறிவிக்கும் அதிகாரம் சட்டபூர்வக் குழுவுக்குக் கிடைத்தது. அந்தப் பொறுப்பு 2013-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியக அறங்காவலர்களுக்கு மாற்றப்பட்டது. விற்பனை நின்றுவிடவில்லை, விற்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பது மட்டும் விதியாயிற்று.

அதே போன்ற ஏற்பாடு இங்கும் கடினமல்ல. ஏலப் பட்டியல் வெளியாகும் முன்பு தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் கவுன்சிலின் நிபுணர் ஒருவர் ஆலையைப் பார்வையிட்டு, காக்கத் தக்கவற்றைக் குறித்துக் கொடுக்கலாம். இதற்கு அரசின் நிர்வாக உத்தரவே போதும். 100 ஆண்டு வரம்பைத் தொழில்துறைப் பொருள்களுக்கு மட்டும் 50 ஆண்டாகக் குறைக்கச் சட்டத் திருத்தம் தேவைப்படும்.

பெங்களூருவில் நவீன இயந்திரங்களுக்காக 'இம்டெக்ஸ்' கண்காட்சி பெரும் அளவில் நடைபெறுகிறது. அதன் ஓரத்தில் ஒரு கூடத்தை ஒதுக்கி, பழைய எச்.எம்.டி. லேத் ஒன்றை ஓட்டிக் காட்டினால், அதை இயக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் நகரில் இன்னும் இருக்கிறார்கள். இயந்திரத்தைப் பாதுகாக்க இரும்பு மட்டும் போதாது. இயக்கத் தெரிந்த கைகளும் வேண்டும். அந்தக் கைகளுக்கும் வயதாகி வருகிறது. அடுத்த முறை ஒரு பொதுத் துறை ஆலையின் மூடல் அவையில் விவாதத்துக்கு வரும்போது, உறுப்பினர் எவரேனும் அந்த நான்காவது கேள்வியை எழுப்ப வேண்டும்.