அரபு மொழியில் ஒரு பரீட்சை

அரபு மொழியிலே காஃப், தா, பா என்னும் மூன்றெழுத்துக்கள் சேர்ந்து நின்றால், 'எழுதினான்' என்று படிக்கலாம். 'எழுதப்பட்டது' என்றும் படிக்கலாம். 'நூல்கள்' என்றும் படிக்கலாம். குற்றுயிர்களை எழுத்தில் குறியாது விடுவது அம்மொழி வழக்கு. இடம் நோக்கிப் பொருள் காண்பது வாசிப்போர் கடன். கேட்டதற்கெல்லாம் மறுமொழி எழுதும் செயற்கை நுண்ணறிவு இம்மொழியை எவ்வளவு அறியும்?

ஆங்கில வினாக்களை அரபில் பெயர்த்துக் கேட்பதே பலர் கண்ட எளிய வழி. அவ்வினாக்களிலோ அமெரிக்கச் சட்டமும் அமெரிக்க வரலாறும் இடம்பெற்றிருந்தன. அவற்றை அரபு எழுத்தில் வரைந்துவிட்டால் அரபு நாட்டார் கல்வியைச் சோதித்ததாகுமோ? அபுதாபியிலுள்ள முகம்மது பின் சாயித் செயற்கை நுண்ணறிவுப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் 2024இல் வேறு வழி கண்டனர். வட ஆபிரிக்கா முதல் வளைகுடா வரையுள்ள நாடுகளின் பாடசாலைப் பரீட்சைகளை நாடி, 14,575 வினாக்களைத் திரட்டினர். வினாத்தாள் ஆக்கும் தொல்லையை அறிந்த நாம் இம்முயற்சியை மெச்சாதிருக்க முடியாது. அப்பரீட்சையில் ஜி.பி.டி.-4 நூற்றுக்கு 72.5 பெற்றது, அரபுக்கெனவே ஆக்கப்பட்ட ஜெய்ஸ் பெற்றதோ 62.3.

ஆயினும், அவ்வினாக்கள் யாவும் ஏட்டு மொழியில் அமைந்தவை. ஏட்டில் 'அல்ஆன்' எனப்படும் 'இப்பொழுது' என்னுஞ் சொல், கெய்ரோவில் 'தில்வக்தி', டமஸ்கஸில் 'ஹல்லா', மொறோக்கோவில் 'தாபா'. தாய் தன் பிள்ளையோடு பேசும் அரபு அவ்வினாத்தாளில் இல்லை. அதற்குரிய வினாக்களைப் பாடசாலை ஏடுகளில் தேடிப் பயனில்லை. சந்தையிலும் வீட்டிலும் கேட்டே எழுதல் வேண்டும்.