நிலத்தடிக் கரியும் நிலத்துக் குடிகளும்

பீர்பூம் ஜில்லாவில் தேவ்சா பாச்சாமி என்னும் பிரதேசத்தில் சுமார் 210 கோடி டன் நிலக்கரி புதைந்திருப்பதாக மதிப்பிட்டு, அதைத் தோண்டியெடுக்க மேற்கு வங்காள சர்க்கார் முனைந்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். கரிக்கு மேலுள்ள பாறையைப் பெயர்க்கும் வேலை 2025 பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. ஏறக்குறைய 3,400 ஏக்கர் நிலம் சம்பந்தப்பட்ட திட்டம் இது. அங்கே வாழ்பவர்களில் கணிசமானோர் ஸந்தாலர்கள். தேசத்துக்கு மின்சாரம் வேண்டும் என்பதில் நமக்கு அபிப்பிராய பேதமில்லை. ஆனால் நஷ்ட ஈட்டுத் தொகையைப் பற்றிய ஆரவாரத்தில், அந்தப் பூமியின் பாறை எத்தன்மையது என்ற கேள்வி மறைந்து போகலாகாது.

பூமிக்கடியில் கரியை எடுத்த இடம் வெற்றிடமாகிறது. அதன் கூரை இடிந்து விழ, மேலுள்ள பாறை வளைய, கடைசியில் நிலமட்டமே பள்ளமாகிறது. வெற்றிடத்தில் மணல் நிரப்பாது விட்டால், கரியடுக்கின் கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரையில் நிலம் அமிழக்கூடும் என்பது இங்கிலாந்துச் சுரங்க நிபுணர்களின் கணக்கு. தேவ்சாவிலோ கரியின்மேல் எரிமலைக் குழம்பு இறுகிய பஸால்ட் பாறை பெருங்கனமாக மூடிக்கிடக்கிறது. இத்தனை உறுதியான கூரையிருக்க அச்சமென்ன என்று சிலர் கேட்கக்கூடும். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. மெல்லிய பாறை, கரி எடுக்க எடுக்க உடனுக்குடன் தளர்ந்து இறங்கும். குடிகள் கண்டு விலகிக்கொள்ளலாம். கெட்டிப் பாறை வெற்றிடத்தின்மேல் பாலம்போல் நெடுநாள் நிற்கும். தாங்கும் அகலத்தைத் தாண்டியதும் ஒரேயடியாய் முறியும். பாறைப் பிளவு ஓடுமிடத்தில் நிலம் சமமாக இறங்காமல் படிபோல் வெட்டுண்டு இறங்கும். சுவர் பிளப்பதும் கிணறு வற்றுவதும் அங்கே அதிகம்.

மற்றொன்று. பள்ளம் சுரங்கத்தின் எல்லைக் கல்லோடு நின்றுவிடுவதில்லை. இங்கிலாந்தில் கண்ட 35 பாகைச் சாய்வை வைத்துப் பார்த்தால், 200 மீட்டர் ஆழத்தில் வெட்டும் சுரங்கம் தன் விளிம்புக்கு வெளியே 140 மீட்டர் வரையில் நிலத்தை அசைக்கும். கெட்டிப் பாறையில் இச்சாய்வு குறையலாம். எவ்வளவு என்பதை அந்தந்த இடத்தில் அளந்துதான் சொல்ல வேண்டும். சர்க்கார் வாங்காத நிலத்தில் குடியிருப்பவனும் இவ்வழக்கில் ஒரு கட்சிக்காரனே.

ஜரியாவைப் பாருங்கள். ஆழம் குறைந்த அடுக்குகளைக் கண்டபடி குடைந்து, கரித்தூண்களை நிறுத்தி, மணல் நிரப்பாமல் கைவிட்டுப் போனார்கள் கம்பெனிக்காரர்கள். 1916ல் அங்கே கண்ட நெருப்பு இன்னும் முற்றிலும் அணையவில்லை. பழியை அந்நிய ஆட்சியின் தலையில் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. 1973க்குள் சுரங்கங்கள் பெரும்பாலும் தேசத்தின் உடைமையாகிவிட்டன. ஜரியா, ராணிகஞ்ச் குடிகளை அப்புறப்படுத்தவும் நெருப்பை அடக்கவும் 2009ல் 9,773 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்தார்கள். வேலை முடியாமலே 2021ல் தவணை முடிந்தது; 2025ல் ஜரியாவுக்கு மட்டும் 5,940 கோடியில் புதுத் திட்டம் போட வேண்டியதாயிற்று.

ஆகவே, தேவ்சாவில் சுரங்கம் குடைந்து கரி எடுப்பதாயின், துளையிட்டுக் கண்ட பாறை விவரங்களையும் நிலம் எங்கெங்கே எவ்வளவு அமிழும் என்ற கணக்கையும் வங்காளியிலும் ஸந்தாலியிலும் அச்சிட்டுக் கிராமந்தோறும் முன்னதாகக் கொடுக்க வேண்டும். எல்லைக்கு வெளியே பிளக்கும் வீட்டுக்கும், சுரங்கம் மூடிப் பல்லாண்டு கழிந்தபின் அமிழும் வயலுக்கும் யார் பொறுப்பு என்பதைச் சட்டபூர்வமாக எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே முதல் வண்டிக் கரி வெளியேற வேண்டும்.