எட்டும் தூரம்

கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை. உள்ளே தூணில் நாலடிச் சங்கிலியில் ஒரு நாய். தபால்காரரும் கேஸ் சிலிண்டர் போடுபவரும் சங்கிலி எதுவரை எட்டும் என்று கண்ணாலேயே அளந்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். பந்தை எடுக்க ஓடிவரும் குழந்தைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

கட்டிப்போட்ட நாயால் ஆபத்தில்லை என்பது நம் நினைப்பு. அமெரிக்காவின் டென்வரில், 1991-ல் வெளியாட்களைக் கடித்த 178 நாய்களைக் கடிக்காத 178 நாய்களோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். கடித்தவை முற்றத்தில் சங்கிலியில் கிடந்தவையாக இருக்கும் வாய்ப்பு 2.8 மடங்கு கூடுதலாக இருந்தது. கடிக்கிற நாய் என்பதால்தானே கட்டியிருப்பார்கள்? நியாயமான கேள்விதான், அந்த ஆய்வை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால், மிரண்ட நாய் ஒன்று ஓடும், இல்லையென்றால் எதிர்க்கும். ஓடுகிற வழியைச் சங்கிலி அடைத்துவிடுகிறது.

நாய் படும் பாடு தனி. காலையில் நிழல் பார்த்துக் கட்டிய இடத்தில் மதியம் வெயில் கொளுத்தும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சங்கிலியே தட்டிவிடும். சாப்பாடு, தூக்கம், மலஜலம் எல்லாம் அதே வட்டத்துக்குள். குட்டியில் மாட்டிய பட்டையைத் தளர்த்த மறந்தால், வளர்ந்தபின் அது கழுத்துச் சதைக்குள்ளேயே புதைந்துபோகும்.

டெக்சாஸில் இதற்கெல்லாம் சட்டம் கொண்டுவந்தபோது, 2021 ஜூனில் ஆளுநர் கிரெக் அபட் அதை நிராகரித்தார். இருக்கிற சட்டமே போதும் என்றார். நாய்ப் பிரியர்கள் சமூக ஊடகங்களில் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவரே கையெழுத்திட, 2022 ஜனவரி 18 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆளில்லாத நேரத்தில் நாயை வெளியே கட்ட இரும்புச் சங்கிலி கூடாது. கயிறு குறைந்தது 10 அடி அல்லது நாயின் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அவ்வளவு இருக்க வேண்டும். நிழலும் தண்ணீரும் கட்டாயம். டேப் இருந்தால் போதும், மீறலை அளந்தே காட்டிவிடலாம்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில், நியாயமற்ற அளவுக்குக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியே வளர்க்கும் நாயை அவிழ்த்து நடக்கவிடாததும் குற்றம்தான். எத்தனை அடி குட்டை, எத்தனை மணி நெடுநேரம் என்று அதில் இல்லை. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. கடையில் சங்கிலியே அந்த விலைக்குக் கிடைக்காது.